பொத்தான் வைத்த பொக்கெற்

கண்டி வாவியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த என்னை மலைப்பாதைக்கு அழைத்துப் போனவர், என்னோடு படிப்பித்த கணித ஆசிரியர். போர்க்காலம் அது. தெருவில் ஓடும் தமிழனை, எதையோ செய்துவிட்டு ஓடுகிறான் என்றுதான் ஆமிக்காரர் பார்த்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மறித்துவிடுவார்கள்.

“ஹந்தானைப் பக்கம் வாங்க சேர். தேயிலைக்குள்ள யாரும் நிப்பாட்ட மாட்டாங்க,” என்றார். அங்கே தோட்டத்தில் பிறந்தவர் அவர்.

உண்மைதான். தார் ரோட்டில் நொந்த முழங்கால்கள் மண்பாதையில் ஆறின. கல்லையும் வேரையும் பார்த்துக் கால் வைப்பவனுக்குப் பயப்பட நேரமில்லை. என் அட்டை வியர்வையில் ஊறிவிடும் என்று, பொத்தான் வைத்த தன் பொக்கெற்றில் அதையும் வாங்கி வைத்துக்கொள்வார். மடையன் நான், நன்றி வேறு சொல்வேன்.

ஒரு காலை, பாதை முடிவில் புதிதாக இரண்டு ஆமிக்காரர் நின்றார்கள். அவர் தன் அட்டையை மட்டும் எடுத்து நீட்டினார். இவன் யார் என்று என்னைக் காட்டிக் கேட்டான் ஒருவன்.

“தெரியாது மாத்தையா, பின்னால் ஓடிவந்த யாரோ,” என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னார். பிறகு திரும்பிப் பாராமல் ஓடினார். என் அட்டையும் அவரோடு ஓடியது.

எங்கள் பாடசாலை அதிபர் ஆமி முகாமுக்கு வந்து என்னை மீட்க மத்தியானம் ஆகிவிட்டது. மறுநாள் ஆசிரியர் அறையில், கணித ஆசிரியர் அட்டையை என் மேசையில் வைத்தார்.

“பாருங்க சேர், ஒரு சொட்டு நனையல.”