காலியாக விட்ட கேள்வி

என் அம்மா டாக்டர்தான். ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இந்த வித்தியாசம் மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பில் இருந்த ஒருவருக்கும் கடைசிவரை பிடிபடவில்லை. காய்ச்சல், வாந்தி என்று கதவைத் தட்டுகிறவர்களை அம்மா தெருமுனை கிளினிக்குக்கு அனுப்பிவிடுவாள். அவர்களும் இவள் என்ன டாக்டரோ என்ற முகத்தோடு படியிறங்கிப் போவார்கள். அப்பாவின் பாடு இன்னும் மோசம். தேனாம்பேட்டை ஆபீசில் யாராவது கேட்டுவிட்டால், மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவருக்கு ஒரே மூச்சில் சொல்ல வராது. ரிசர்ச் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, பிழைத்தும் விட்ட பெண்கள் அதற்கப்புறம் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் அம்மாவின் ஆராய்ச்சி. தூக்கம் வருகிறதா, கை வீங்குகிறதா, குடம் தூக்க முடிகிறதா, நாலு பேர் கூடும் இடத்துக்குப் போகப் பிடிக்கிறதா. கட்டியை எடுத்தாயிற்று என்று எழுதி ஃபைலை மூடிவிடுகிறார்கள், வீட்டுக்குப் போனவள் என்ன ஆனாள் என்று ஒருவரும் கேட்பதில்லை என்று சாப்பாட்டு நேரத்தில் அம்மா பொரிந்து தள்ளுவாள். அப்பா தட்டைப் பார்த்தபடியே தலையாட்டுவார்.

இதற்கெல்லாம் ஒரு படிவம் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிகவும். பரிசோதனைக்கு வரும் பெண்கள் ஒரு கட்டத்தில் டிக் அடித்துக் கொடுக்க வேண்டும். படிவத்தில் பெயர் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற நோட்டு மருத்துவமனையில் பூட்டிய அலமாரியில் இருந்தது. படிவங்களும் அங்கேயேதான் இருக்க வேண்டும். ஆனால் எனக்கு அரையாண்டு விடுமுறை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அம்மா படிவக் கட்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவள் என்பதால், நான் செய்கிற எதுவும் தவறாக இருக்க முடியாது என்ற நினைப்பும் நிறைய இருந்தது. எங்கள் டியூஷன் மிஸ் எங்களுக்குள் ஏற்றியிருந்த மந்திரம் ஒன்றுதான்: எந்தக் கேள்வியையும் விடாதே, தெரியாவிட்டாலும் எதையாவது எழுதி வை. பள்ளியிலும் நோட்டில் ஏதாவது பாக்கியிருந்தால் அந்தப் பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டிக் கொடுப்பார்கள். முடித்துவிட்டுச் சீட்டை எடுத்துவிட வேண்டும்.

ஒரு பிற்பகல் அம்மா கண்ணசந்துவிட்டாள். மேஜைக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுக்குள்ளிருந்து அம்மா ஒட்டிய ஏழு மஞ்சள் சீட்டுகள் எட்டிப்பார்த்தன. ஏழு படிவங்களில் ஆளுக்கொரு கேள்வியை விட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பெண்கள்மேல் பரிதாபம் வந்துவிட்டது. நோயிலிருந்து தேறி வந்தவர்கள், அவசரத்தில் ஒரு கேள்வியை விட்டதற்காக மார்க் குறைய வேண்டுமா? கேள்விகள் எல்லாமே ஏதோ ஒரு கஷ்டத்தைப் பற்றித்தான் இருந்தன. கஷ்டம் இல்லை என்பதுதான் நல்ல பதிலாக இருக்க முடியும். ஏழு பேருக்கும் ‘இல்லவே இல்லை’ என்று டிக் அடித்தேன். யார் கறுப்புப் பேனாவில் எழுதியிருக்கிறார்கள், யார் நீலத்தில் என்று பார்த்து அதே நிறத்தில் அடித்தேன். பிறகு சீட்டுகளை உரித்து, கிழியாமல், பீரோ கதவில் வரிசையாக ஒட்டிவைத்தேன். அம்மா எழுந்ததும் பாராட்டுவாள் என்று காத்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அம்மா முதலில் பீரோவைப் பார்த்தாள். அப்புறம் படிவங்களைப் புரட்டினாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எனக்கு நேரே உட்கார்ந்து, எந்தெந்தப் படிவம் என்று காட்டச் சொன்னாள். செய்நேர்த்தியில் எனக்கிருந்த பெருமை காரணமாக ஏழும் நினைவிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாவதைக் கொடுக்கும்போதுதான் நான் ஏதோ பெரிதாகக் கெடுத்துவிட்டேன் என்பது உறைத்தது. அழத் தொடங்கினேன்.

மறுநாள் அம்மா துறைத் தலைவரிடம் போய், படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போனது தன் தவறு என்று எழுதிக் கொடுத்தாள். மூன்று வருட உழைப்பு, அவருடைய ஒரு வார்த்தையில் நின்றுபோயிருக்கலாம். அவர் அந்த ஏழு படிவங்களையும் கழித்துவிட்டு மேலே போகச் சொன்னாராம். அம்மா ஒப்பவில்லை. “காலியா விட்டவங்கதாம்மா எனக்கு முக்கியம். அவங்களையும் தூக்கிப் போட்டுட்டா, சொல்ல முடிஞ்சவங்க கதை மட்டும்தான் மிஞ்சும்” என்று என்னிடம் சொன்னாள். பதினொரு வயதுப் பெண்ணிடம் சொல்கிற விஷயமில்லை. வேறு யாரிடம் சொல்வது என்று அன்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு, அம்மா ஏழு பேரிடமும் நடந்ததைச் சொல்லி மறுபடி கேட்டாள். ஆறு பேர் போனிலேயே பேசிவிட்டார்கள். விட்டது விட்டதாகவே இருக்கட்டும் என்றவர்களே அதிகம். ஏழாவது அக்கா கோட்டூர்புரத்தில் இருந்தார். அவருடைய வீட்டில் ஒரே போன், அதுவும் மகனிடம். இதை மகன் மூலமாகக் கேட்க முடியாது. ‘உங்கள் உடலைப் பார்க்கும்போது உங்களுக்கு வருத்தமாக இருக்கிறதா?’ என்பதுதான் அவர் விட்ட கேள்வி.

நேரில் போனோம். மன்னிப்புக் கேட்க நானும் வர வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆற்றங்கரையை ஒட்டிய வீட்டு வசதிக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. கீழே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. அந்த அக்காவும் அவருடைய வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்திய வண்டி அது. ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவின் வலது கை வீங்கிக்கொண்டது. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியாது. வீட்டுக்காரர் தேய்க்க, அக்கா மடித்து அடுக்குவார். அக்காவின் பெயரை அம்மா அன்றும் எனக்குச் சொல்லவில்லை, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கா பாயை விரித்து எங்களை உட்காரவைத்தார். நான் மனப்பாடம் செய்துவந்த மன்னிப்பை ஒப்பித்தேன். அவர் சிரித்துவிட்டார். நான் என்ன பதில் போட்டேன் என்று கேட்டார். ‘இல்லவே இல்லை’ என்றேன்.

“அட, அப்டியே இருக்கட்டும் டாக்டரம்மா. கொழந்த நல்லதாத்தான போட்டுக்கீது.”

அதுதான் உங்கள் பதில் என்றால் இருக்கட்டும், இல்லையென்றால் பழையபடி காலியாகவே வைத்துக்கொள்கிறேன், எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்றாள் அம்மா. படிவத்தை அவர் கையில் கொடுத்தாள். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். என் டிக் மேல் அவருடைய விரல் நின்றது. விரலை எடுக்கவேயில்லை. எனக்குக் கால் மரத்துப்போனது.

“காலியா இருந்தப்போ ஒண்ணும் தெரில டாக்டரம்மா” என்றார் பிறகு. “இப்போ நான் சொன்னதாட்டம் ஒரு பொய் கீது. இத இப்டியே உட முடியாது.” என்னைப் பார்த்து, “பாப்பா, நீ கீழ போய் மாமாவாண்ட இரு” என்றார்.

கதவு சாத்தப்பட்டது. கீழே மாமா யாரோ ஒருத்தியின் ஜாக்கெட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். உங்கம்மா மேலே என்ன கேட்கிறாங்க என்று விசாரித்தார். ரகசியத்தை வெளியே விடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. பரீட்சை என்றேன்.

“இன்னாத்த பரிச்ச” என்றார். “எப்பக் கேட்டாலும் நல்லாக்கீறேன், நல்லாக்கீறேன்னுதான் சொல்லிக்கினு கீது. நானும் கேக்கறத உட்டுட்டேன்.”

எனக்கு உயிர் வந்தது. அப்படியென்றால் நான் போட்டதுதான் சரியான பதில். வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். மேலே ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். மாமா என் கையில் நாலணா மிட்டாய் போல ஒரு கரித்துண்டைக் கொடுத்து, தரையில் படம் போட்டுக்கொண்டிரு என்றார். நான் போட்ட மூன்று வீடுகளும் ஒரு தென்னைமரமும் முடியும்வரை அவர்கள் வரவில்லை.

வந்தபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. அக்காவின் முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, போய் வாருங்கள் என்று சொல்லவே அவருக்கு ரொம்ப நேரமானது. என் கன்னத்தைக் கிள்ளினார். நான் செய்த காரியத்துக்கு அவருக்கு என்மேல் துளியும் கோபமில்லை. அதற்குப் பிறகு வண்டிப் பக்கம் போய், வீட்டுக்காரரின் காதருகே ஏதோ சொன்னார். ஆட்டோ திரும்பும்போது பார்த்தேன். மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, துணிகள் அப்படியே கிடக்க, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

இன்று அம்மாவிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பது, கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது எப்படி என்பதைத்தான். படிவங்களை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்வாள். அப்போது நானும் அங்கே இருந்தால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

அன்று ஆட்டோவில் அம்மாவின் மடியில் படிவம் இருந்தது. எட்டிப்பார்த்தேன். என் டிக்கை அக்காவே கோடு போட்டு அடித்திருந்தார். புது டிக் கடைசிக் கட்டத்தில் இருந்தது. மிகவும்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் முழு மார்க் போட்டுக் கொடுத்திருந்தேன். அதை வேண்டாம் என்று சொல்லி, இருப்பதிலேயே மோசமான கட்டத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார். நாங்கள் போகாமல் இருந்திருந்தால் அவர் பாஸாகியிருப்பார். என்னால்தான் எல்லாம் என்று தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள். கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டும்வரை இரண்டு பேரும் அழுதோம். இருவரும் ஒரே காரணத்துக்காகத்தான் அழுகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.