ஜஸ்மேர் கௌர் முடிக்காமல் வைத்த பக்கங்கள்

ஜஸ்மேர் கௌருக்கு எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. சாணி அள்ளினால் தொழுவம் பளிச்சென்று இருக்க வேண்டும். சண்டை போட்டால் எதிராளி வாயடைத்துப் போக வேண்டும். அப்பேர்ப்பட்டவள் கிரந்த வாசிப்பை முடிக்காமல் இழுத்தடிக்கிறாள் என்று பேச்சுக் கிளம்பியபோது, கபூர்தலாவை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் முதலில் யாரும் நம்பவில்லை.

மூத்த மகன் லவ்ஜித் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட அன்று தொடங்கிய வாசிப்பு அது. ஏஜெண்டு காட்டிய கள்ளவழி, பாதி விமானம், மீதி காடு. அவள் மாடியறையைக் கழுவித் துடைத்து, விதானம் கட்டி, சீக்கியர்கள் குருவாகவே வணங்கும் கிரந்தத்தை எழுந்தருளச் செய்து முதல் பக்கத்தைத் திறந்தாள். தினமும் எருமைகளைக் கறந்து முடித்துக் குளித்துவிட்டு, துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவாள். படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

லவ்ஜித் புறப்படுவதற்கு முன்பே வாசிப்பு அவளை ஒரு தடவை தூக்கி நிறுத்தியிருக்கிறது. புருஷன் தர்செம் சிங் மாரடைப்பில் போனபோது, அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து நேரே மாடிக்குப் போய்ச் சின்னப் பிரார்த்தனைப் புத்தகத்தைப் பிரித்தாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவளுக்கோ அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டால்தான் கால் தரையில் நின்றது. துக்கம் முடிந்த அன்று, இனி வீட்டுக்குத் தலைவன் அவன்தான் என்று குடும்பத் தலைப்பாகையை லவ்ஜித் தலையில் கட்டினார்கள்.

பனாமாக் காட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் லவ்ஜித் போன் பண்ணினான்.

"அம்மா, இங்க ஒரே சேறு. நீ எவ்வளவு தூரம் வாசிச்சிருக்க?"

"உனக்கு முன்னால போயிட்டிருக்கேன்டா. நீதான் பின்தங்கிட்ட."

அவன் சிரித்தான். அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஏஜெண்டின் கடையில் பூட்டுத் தொங்கியது.

வருஷம் ஒன்று ஓடியது. வாசிப்பு கடைசிப் பக்கங்களை நெருங்கிவிட்டது. முடித்தால் போக் என்ற நிறைவுச் சடங்கை நடத்த வேண்டும். உறவு கூடும், அல்வா கிண்டுவார்கள், எல்லோரும் கைகூப்பி நிற்க, இந்த வாசிப்பு எதற்காக என்று குருவின் முன்னால் சொல்லியாக வேண்டும். நல்லது நடந்தாலும் போக்தான், சாவு விழுந்தாலும் போக்தான். மகன் போய்ச் சேர்ந்த சேதி வரும் நாளில் முடிப்பதாக மனசுக்குள் நேர்ந்திருந்தாள். சேதிதான் வரவில்லை. அதனால் ஒரு நாளைக்குப் பாதிப் பக்கம் என்று குறைத்தாள். அப்புறம் நாலு வரி. அப்புறம் நேற்று வாசித்த பக்கத்தையே இன்றும் வாசித்தாள். வெளிப்படையாகச் சொன்னால், அந்தக் கடைசிப் பக்கங்களை வைத்துக் குருவிடமே பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் பசந்த் கௌர் ஜலந்தரிலிருந்து வந்து இறங்கினாள். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஜஸ்மேர், சின்னவன் ஜக்சீருக்குப் பாத்த பொண்ணு வீட்டுல கேக்குறாங்க. பெரியவன் இருக்கானா, இல்லையா? நான் என்ன பதில் சொல்ல?"

"இருக்கான்னு சொல்லுங்க அண்ணி."

"எங்க?"

ஜஸ்மேர் பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரே பக்கத்தப் போட்டு அரைச்சிட்டிருக்கியாமே. எருமைகூட அசை போட்டா கடைசியில முழுங்கிடும்டி!"

ஜஸ்மேருக்குச் சுருக்கென்றது. மாடிக்குப் போய்விட்டாள். பொழுது சாயும் நேரம், குருவைத் துயில வைக்க வேண்டும். மார்கழிக் குளிர். பட்டுத் துணியால் மூடி, பஞ்சுப் போர்வையைப் போர்த்தும்போது கை நின்றது. இன்றைக்கு வாசித்ததில் ஒரு வரியாவது நினைவிருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. புருஷன் செத்த அன்று ஒவ்வொரு சொல்லும் தாங்கியது. அன்று அவள் குருவிடம் எதுவும் வேண்டிக் கேட்கவில்லை. இந்த ஒரு வருஷமாகக் கேட்டது மட்டும்தான். அந்தப் போர்வையின் மேலேயே நெற்றியை வைத்து அழுதாள். போன் நின்ற பிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

கீழே இறங்கி வந்து, "ஞாயித்துக்கிழமை போக் வச்சுக்கலாம் அண்ணி" என்றாள்.

ஞாயிறன்று வந்த உறவெல்லாம் சாவு வீட்டுக்கு வருவதுபோல வெள்ளை உடுத்தி வந்தது. பசந்த் கௌரின் பையில் புதுத் தலைப்பாகைத் துணி எட்டிப் பார்த்தது. ஜஸ்மேர் எல்லாவற்றையும் கவனித்தாள். குருத்வாராவிலிருந்து பிரார்த்தனை நடத்த வந்த பாயி சுலக்கண் சிங் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பிரார்த்தனையில என்னம்மா சொல்லட்டும்? ஆத்மா சாந்தின்னா, நல்லபடியா வந்து சேரணும்னா?"

"தெரியாது பாயிஜி. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? எங்க இருந்தாலும் அவன் உங்க பிள்ளை, எங்களுக்குத் தாங்குற தெம்பக் குடுங்கன்னு மட்டும் குருகிட்ட சொல்லுங்க."

கடைசிப் பக்கங்களை அவளே வாசித்தாள். வழக்கம்போல எழுத்துக் கூட்டித்தான். குரல் மட்டும் நடுங்கவில்லை. பாயிஜி அவள் சொன்னதையே சொன்னார். அல்வா கைமாறியது. பசந்த் கௌர் துணியை வெளியே எடுத்தாள். ஜக்சீர் தலையைக் குனிந்துகொண்டான். எல்லோரும் ஜஸ்மேரைப் பார்த்தார்கள்.

"கட்டுங்க. வீட்டுக்கு ஒரு பொறுப்பு வேணும்ல" என்றாள். மகனிடம் திரும்பி, "அண்ணன் வந்தா அவிழ்த்துக் குடுத்துடணும், தெரிஞ்சுதா?"

"குடுத்துடுறேம்மா" என்றான் அவன். பசந்த் கௌருக்கே கண் கலங்கிவிட்டது.

தலைப்பாகை கட்டி முடிந்ததும் ஜனம் சாப்பாட்டுக்கு எழுந்தது. ஜஸ்மேர் எழவில்லை. மறுபடி குருவின் முன்னால் உட்கார்ந்து, தாள்களைப் பின்னோக்கிப் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"மறுபடியுமா? இது எதுக்குடி?" என்றாள் பசந்த் கௌர்.

"இது சும்மா அண்ணி. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

முதல் வரியை வாசித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுந்தது.