எண்பத்து நாலு பேருக்கு ஒரு தம்ளர்

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நான் கணக்கப்பிள்ளை. தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் எண்பத்து நாலு பெண்கள் வந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் ஊருணித் தண்ணீரை மாட்டுவண்டியில் கொண்டுவந்து ஒரு சிமெண்டுத் தொட்டியில் ஊற்றுவார்கள். மொண்டு குடிக்க ஒரே அலுமினியத் தம்ளர், அதையும் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். பசை காய்ந்த கையை முழங்கை வரை உள்ளே விட்டு எல்லாரும் அதில்தான் மொள்ளுவார்கள். விளிம்பில் எப்போதும் ஒரு வழுவழுப்பு. 

அந்தக் கோடையில் வாந்திபேதி வந்தது. நாலு நாளில் பதினேழு பெண்கள் படுத்தார்கள். இருவர் செத்தார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் ஆபீஸைப் பூட்டச் சொன்னார். பத்தாம் நாள் திறக்கலாம், அதற்குள் முதலாளி மூன்று காரியம் செய்திருக்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். குடிக்க வெந்நீர் ஆற்றித் தர வேண்டும். வயிறு இன்னும் சரியாகாதவர்களை வேலைக்குச் சேர்க்கக் கூடாது.

முதலாளி வாசலில் பூசணிக்காய் உடைத்தார். மூலைக்கு மூலை மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பிளீச்சிங் பவுடர் ஒரு மூட்டை வந்தது. ரோட்டிலிருந்து கேட் வரை இருபத்தெட்டு அடிக்கு, இரண்டு பக்கமும் பட்டையாக வெள்ளைக் கோடு போட்டு அதைத் தீர்த்தார். தொட்டிக்கு ஒரு கை போடவில்லை.

"வாடை அடிக்கும் வே. பிள்ளைக குடிக்க மாட்டாளுக."

"வெந்நீராவது போடச் சொல்லலாமே, முதலாளி."

"தீப்பெட்டி ஆபீசுக்குள்ள தீ மூட்டச் சொல்லுதீரா? வெவரம் கெட்ட ஆளா இருக்கீரே!"

அவர் இதைச் சொன்ன இடத்திலிருந்து ஆறு எட்டு வைக்கும் தூரத்தில், மறுநாள் திறப்புக்காக, குச்சி முக்குவதற்கு மெழுகு உருக்கும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் அனல் அவர் முகத்திலேயே அடித்தது. மூன்றும் செய்தாயிற்று என்று எழுதிய தாளை என் பக்கம் தள்ளினார். நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. என் மேஜைக்கு அடியில், வீட்டில் காய்ச்சிய தண்ணீர் கூஜா நிறைய இருந்தது. ஆறு தம்ளர் வரும். எனக்குப் போதும்.

திறந்த அன்று அறுபத்தொரு பேர் வந்தார்கள். செத்த இருவரில் ஒருத்தியின் அக்காளும் வந்திருந்தாள். பத்து மணிக்குத் தொட்டியருகே நின்று கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. இன்ஸ்பெக்டர் சொன்னதெல்லாம் செஞ்சாச்சா?"

"செஞ்சாச்சு."

"அப்ப நீங்க ஒரு மடக்கு குடிங்க. பொறவு நாங்க குடிக்கோம்."

பின்னாலிருந்து ஒருத்தி, "அவியளுக்கு கூஜாத் தண்ணிதான் எறங்கும். தொட்டித் தண்ணி குடிச்சா தொண்டை வெந்துபோவும்லா!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்காள் சிரிக்கவில்லை.

தம்ளரை வாயருகே கொண்டுபோனேன். உதட்டில் அந்த வழுவழுப்பு பட்டது. முடியவில்லை. கீழே விட்டேன். சங்கிலி தொட்டிச் சுவரில் மோதியது.

"ஒண்ணும் செய்யல," என்றேன்.

"இதச் சொல்ல இம்புட்டு நேரமா ஆச்சு ஒங்களுக்கு?"

அறுபத்தொரு பேரும் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி வந்து கத்தினார். "மெழுகுக்கு எரியுத அடுப்பு எங்களுக்கும் எரியட்டும் முதலாளி. நாங்க வேலை செய்யுதோம்," என்றாள் அக்காள், அவ்வளவுதான். கட்டி முடிக்க வேண்டிய சரக்கு நிறையக் கிடந்தது. மதியத்துக்குள் மெழுகுச் சட்டி இறங்கியது, அந்த அடுப்பில் நாலு தகரம் தண்ணீர் கொதித்தது. மெழுகு வாடையோடு அதை ஆற்றிக் குடித்தார்கள்.

தொட்டியையும் அவர்களே இறைத்தார்கள். நான் நின்று எண்ணினேன். அடியில் ஒரு சாண் சகதி. பல்லி மூன்று. தலைமுடிச் சுருள் இரண்டு. தண்ணீர் வெளியேறும் துளையில் ரோமமெல்லாம் உதிர்ந்து வெளுத்த எலி ஒன்று. நான் அங்கே சேர்ந்து ஏழு வருஷம். அதுவரை ஒரு நாளும் அதை யாரும் கழுவியதில்லை.

சாயங்காலம் இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. கேட் வரை போட்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "நல்லா செஞ்சிருக்கீங்க," என்றார். நான் கையெழுத்துப் போட்ட தாளை முதலாளி நீட்ட, வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.