மொட்டை லாரிக்குக் காவல்

அப்பா ஓட்டிய லாரிக்குப் பக்கப் பலகை கிடையாது, பின்னால் கதவு கிடையாது, மேலே கூரையும் கிடையாது. முன்னால் ஒரு கேபின், அதன் பின்னால் நீளமாக ஒரு தளம், அவ்வளவுதான். இரும்புத் தூண், குழாய், பாய்லர், பெரிய மெஷின் என்று வேறு எந்த லாரிக்குள்ளும் அடங்காத சாமான்களை அதில் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள். கம்பெனியில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் அதற்கு மொட்டை லாரி என்று பெயர். அதனால் பள்ளிக்கூடத்தில் நான் மொட்டை லாரிக்காரர் மகள், சுருக்கமாக மொட்டை. இரட்டைச் சடை போட்டுக்கொண்டு அந்தப் பெயரைச் சுமந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

அம்மாவின் வருத்தம் வேறு. எதிர் வீட்டுக்காரரும் லாரி டிரைவர்தான். ஆந்திராவிலிருந்து அரிசி, மிளகாய், வெங்காயம், பருவத்தில் மாம்பழம் என்று ஏற்றி வருவார். எதை ஏற்றினாலும் அதில் ஒரு கை அவர் வீட்டு அடுப்படிக்கு வந்து சேரும். அப்பா ஏற்றும் பாய்லரில் எதைக் கிள்ளி எடுப்பது? எங்கள் வீட்டுக்கு வந்தவை எல்லாம் கட்டைகள். உருண்டையான சாமான் உருளாமல் இருக்க அடியில் கட்டைகளை முட்டுக் கொடுப்பார்கள். சரக்கை இறக்கியதும் உடைந்த கட்டைகளை அப்பா கொண்டுவருவார். எங்கள் வீட்டு முக்காலி, கோழிக்கூண்டு, பரண் எல்லாம் அந்தக் கட்டைதான். எதிர் வீட்டம்மா மாம்பழம் கொடுத்தனுப்பினால் அம்மா பதிலுக்கு விறகு கொடுத்தனுப்புவாள்.

இதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். பிலாய், ரூர்கேலா என்று வடக்கே போன லாரி, திரும்பி வர லோடு கிடைக்கும்வரை அங்கேயே கிடக்கும். காலி வண்டியைக் கம்பெனி வரச் சொல்லாது. தம்பி பிறந்தபோது அப்பா அப்படி எங்கேயோ கிடந்தார். அவர் வந்து சேர்ந்தபோது தம்பி தவழ ஆரம்பித்திருந்தான். அப்பா தூக்கியதும் யாரோ வேற்றாள் என்று வீடே அதிரக் கத்தினான். அப்பா அவனைக் கீழே விட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

அன்றிலிருந்து அம்மா விடவில்லை. அப்பா வீட்டிலிருக்கும் நாட்களில் சோற்றோடு இந்தப் பேச்சையும் சேர்த்தே பரிமாறினாள். அப்பா தன் வேலையின் நல்லதைச் சொல்லுவார். பெரிய லோடு பகலில் மட்டும்தான் போகும், ராத்திரி கண் விழிக்க வேண்டாம். நடை வேகத்தில் போனாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். சரக்கு வெட்டவெளியில் இருப்பதால் மூட்டை குறைந்தது, பெட்டி குறைந்தது என்று யாரும் திருட்டுப் பட்டம் கட்ட முடியாது. ஊருக்கு ஊர் போலீஸ்காரரே முன்னால் நின்று வழிவிடுவார். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது அப்பா லேசாக நிமிர்ந்து உட்காருவார்.

"எல்லாரும் வழி வுடுறாங்கோ. ஊட்டுக்கு வர்றதுக்குத்தான் வழியக் காணோம்" என்பாள் அம்மா.

அம்மாவின் அண்ணன், என் மாமா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார். காலையில் போனால் சாயங்காலம் வீடு. கேன்டீன் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை லீவு, காக்கி உடுப்பு கம்பெனியே தைத்துக் கொடுக்கும். மேனேஜரைக் கூட்டி வருவதும் கொண்டுபோய் விடுவதும், அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும்தான் வேலை. திங்கட்கிழமை காலை மேனேஜர் நேரில் பார்க்க வரச் சொல்லியிருந்தார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார். அம்மா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு அவருடைய வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டாள்.

இதற்கு நடுவில் அப்பாவுக்கு ஒரு லோடு வந்துவிட்டது. பாடியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து பாய்லர் ஒன்றை ஆந்திராவுக்குக் கொண்டுபோக வேண்டும். அம்பத்தூர் வழியாக வந்து, எங்கள் ஊரைத் தாண்டி, செங்குன்றம் போய் வடக்கே திரும்ப வேண்டும். இந்த முறையும் போச்சு என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் லாரி எங்கள் தெரு முனையிலேயே நின்றுவிட்டது. முன்னால் இருந்த சின்னப் பாலம் அவ்வளவு கனம் தாங்குமா என்று நெடுஞ்சாலை ஓவர்சியர் வந்து பார்த்துச் சொன்னால்தான் நகர முடியும். ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார். கிளீனரை அப்பா கம்பெனிக்குத் தகவல் சொல்ல அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போல ஒன்று எங்கள் வீட்டில் அதற்கு முன் வந்ததில்லை. அப்பா கூப்பிடு தூரத்தில் இருந்தார். ஆனால் லோடை விட்டு வர முடியாது. ஆகவே நாங்கள் அவரிடம் போனோம். அம்மா மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். பாய்லரின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தம்பி அப்பாவின் மடியில் ஏறி அவர் மீசையைப் பிடித்து இழுத்தான். தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து பாய்லரை அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் என்னை மொட்டை என்று கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலையில் அம்மா வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு லாரிக்குப் போனாள். தம்பி எதிர் வீட்டில் இருந்தான். கிளீனர் இன்னும் திரும்பவில்லை. அப்பாவுக்கு அது நல்ல சாக்காக இருந்தது.

"டிரைவர் லோட வுட்டு எங்கியும் போவக்கூடாது. கம்பெனி ஆளு வந்து பாக்க சொல்லோ சீட்டு காலியா இருந்தா அவ்ளோதான்" என்றார்.

"சீட்டு காலியா இருந்தாத்தான? நான் குந்திகினு கீறேன். நீ போய்ட்டு வாய்யா" என்றாள் அம்மா.

அப்பா லாரி மறைவில் சட்டையை மாற்றிக்கொண்டார். அம்மா அவர் நெற்றியில் விபூதி வைத்தாள். பாலத்தைத் தாண்டி, சாலை வளைகிற இடத்துக்கு அப்பால் அம்பத்தூர் பஸ் நிற்கும். நடுவே ஆள் உயரத்துக்கு மேல் வேலிக்காத்தான் புதர். அப்பா அந்தப் பக்கமாக நடந்து வளைவில் மறைந்தார்.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேபினில் ஏறினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நானும் பின்னாலேயே ஏறினேன். உள்ளே பார்த்ததும் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். மெத்தை சுருக்கமில்லாமல் மடித்துக் கிடந்தது. உப்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் டப்பாக்கள் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே வரிசையில் நின்றன. ஸ்டவ் துலக்கிவைத்தது போலப் பளபளத்தது. கண்ணாடி, சீப்பு, துண்டு எல்லாம் அதது அதனதன் ஆணியில். வீட்டில் படுத்த பாயைச் சுருட்டத் தெரியாத மனிதர் எங்கள் அப்பா.

"கிளீனர் பண்ணியிருப்பாரு" என்று நான் சொன்னேன்.

அம்மா உப்பு டப்பாவைத் திறந்து பார்த்து மூடிவைத்தாள்.

பிறகு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து வெளியே பார்த்தாள். எனக்குத் தலை முன்கண்ணாடிக்கு எட்டவில்லை. சீட்டின் மேல் ஏறி நின்று நானும் பார்க்கலாம் என்று காலைத் தூக்கினேன். அம்மா சட்டென்று என் பாவாடையைப் பிடித்து இழுத்துக் கீழே உட்காரவைத்தாள். திரும்ப ஏறினேன். திரும்ப இழுத்தாள். மூன்றாவது முறை முதுகில் ஒன்று வைத்து, பின்னால் போய்க் கட்டை திருடு போகாமல் பார்த்துக்கொள் என்று இறக்கிவிட்டாள். அந்தக் கட்டையை யார் திருடுவார்கள்? நான் அழுதுகொண்டே பாய்லரின் வால் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து அம்மாவின் முழங்கையும் தலையில் பாதியும்தான் தெரிந்தன. செங்குன்றம் பக்கமிருந்து பஸ் வரும் சத்தம் கேட்டதும் அம்மா சீட்டின் நுனிக்கு வந்தாள். பஸ் புறப்பட்டதும் பின்னால் சாய்ந்தாள். பஸ் எங்கள் லாரியை ஒட்டி இடுக்கில் நுழைந்து போயிற்று. இடித்துவிடுமோ என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். அடுத்த பஸ்ஸுக்கும் அப்படித்தான். அதற்கப்புறம் வந்த பஸ்களுக்கு அவள் அசையவில்லை. எதிரே ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஓவர்சியர் சைக்கிளில் வந்து பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார். டிரைவர் எங்கே என்று கேட்டார். சாப்பிடப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். மரப்பலகை போட்டு நாளைக் காலை தாண்டலாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

உச்சி வெயிலில் அப்பா திரும்பி வந்தார். வேறு ஆளை முன்னாலேயே எடுத்துவிட்டார்களாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அம்மா அழுவாள், மாமாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"போனா போவுது. சாப்புடு" என்று சொல்லிச் சோற்றைப் போட்டாள்.

சாயங்காலம் மாமா சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே லாரிக்கே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"இன்னா மச்சான், மேனேஜரு மதியானம் வரிக்கும் பாத்துகினு இருந்தாரு. நீ வரவேல்ல. என் மானம் போச்சு" என்றார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள். "அவர இன்னாத்துக்குண்ணே கேக்கிற? நான்தான் போவ வாணான்னேன். ஓவர்சியர் வந்துட்டாரு. டிரைவர் இல்லாம எப்டி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விபூதி வைத்து அனுப்பியதே இவள்தானே. இல்லை மாமா என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் இருந்தது. இனிமேல் வேலை கீலை என்று தன்னிடம் வந்து நிற்கக்கூடாது என்று மாமா அம்மாவைத்தான் திட்டினார். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்பா அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, ஏற்கெனவே இறுக்கிவைத்திருந்த சங்கிலிகளை ஒவ்வொன்றாக மறுபடி இழுத்துப் பார்க்கப் போனார்.

நான் படுத்துக்கொண்டு யோசித்தேன். அப்பா போனதாகச் சொல்கிறார், அவர் வரவே இல்லை என்று மாமா சொல்கிறார், அம்மா அனுப்பவே இல்லை என்கிறாள். மூன்று பேரில் மாமாதான் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். எனக்கு அவரை முன்பே பிடிக்காது.

மறுநாள் காலை கிளீனர் வந்து சேர்ந்தார். பலகை போட்டு, ஊரே வேடிக்கை பார்க்க, லாரி பாலத்தைத் தாண்டிப் போனது. புறப்படும் முன் அம்மா ஒரு புதுப் போர்வையைக் கேபினுக்குள் கொடுத்தாள். அதன்பின் அந்த வேலையை விடச் சொல்லி அம்மா பேசி நான் கேட்டதில்லை. அப்பா வந்தால் தன் பாயைத் தானே சுருட்டிவைத்தார். மற்றபடி ஒன்றும் மாறவில்லை. தம்பி பள்ளிக்கூடம் சேர்ந்த அன்றும் அவர் பிலாயில்தான் இருந்தார். அன்றைக்கு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுததையும் நான் பார்த்தேன்.

நான் பெரியவளான பிறகு ஓர் ஆடி மாசம், லாரி செங்குன்றம் பக்கம் காலியாகப் போவதால் எங்களைப் பெரியபாளையம் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டார் அப்பா. தம்பியும் கிளீனரும் பின்னால் தளத்தில் உட்கார்ந்தார்கள். கேபினில் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் அம்மா. எங்கள் ஊர்ப் பாலத்துக்கு முன்னால் எதிரே வந்த பஸ்ஸுக்காக அப்பா லாரியை நிறுத்தினார். சரியாக அதே இடம்.

அம்மா என்னை முழங்கையால் இடித்தாள். "இப்ப நல்லா பாத்துக்கோ. அன்னிக்கு ஏற வுடலன்னு அழுதியே."

பார்த்தேன். அந்த உயரத்திலிருந்து வேலிக்காத்தான் புதருக்கு மேலாக வளைவுக்கு அப்பால் எல்லாமே தெரிந்தது. பஸ் நிற்கும் இடம் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு டீக்கடை. கடை வாசலில் எங்கள் லாரியைப் பார்த்தாற்போல ஒரு பெஞ்சு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் காலையிலிருந்து உச்சிவரை அதில் உட்கார்ந்திருந்தால் இங்கிருந்து முகம்கூடத் தெரியும்.

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் காது மடல் சிவந்திருந்தது. பஸ் போய்விட்டது, சாலையில் ஆள் இல்லை, மாடு இல்லை. ஆனாலும் ஹாரனை நீளமாக ஒரு அழுத்து அழுத்திவிட்டு கியரைப் போட்டார். அம்மா சிரித்தாள்.

அம்மா அவரைப் பார்த்திருக்கிறாள். பஸ் பஸ்ஸாகப் போவதையும் அவர் எழுந்திருக்காததையும் அந்தக் காலை முழுவதும் பார்த்திருக்கிறாள். தான் ஆசைப்பட்ட வேலை கண்ணெதிரே கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, கடைசியில் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் அங்கே உட்கார்ந்திருந்தது தன் பெண்ணுக்குக்கூடத் தெரியக்கூடாது என்று என்னைப் பின்னால் அனுப்பியிருக்கிறாள். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், சீட்டில் ஏற விடாத அம்மா பொல்லாதவள் என்பதுதான்.