செவில் ரயிலில் வந்த குறுஞ்செய்தி

மாட்ரிட்டிலிருந்து செவில் நகரத்துக்கு இரண்டரை மணி நேர ரயில். ஜன்னல் சீட்டை மனைவி பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பிய முதல் வெளிநாட்டுப் பயணம் அது. என் அம்மாவின் உடம்பு, மகளின் பிளஸ் டூ, மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் மனைவிக்குக் கிடைக்காத லீவு என்று தள்ளிக்கொண்டே போய், போன மே மாதம்தான் கைகூடியது.

வெளியே ஆலிவ் மரங்கள் வரிசை வரிசையாக ஓடின.

"கிராஃப் பேப்பர்ல நட்ட மாதிரி இருக்கு பாருங்க," என்றாள். கணக்கு டீச்சர் அப்படித்தான் பார்ப்பாள். மந்தைவெளியில் வாங்கிய முறுக்கு டப்பாவைத் திறந்து எதிரே இருந்த ஸ்பானியப் பாட்டியிடம் நீட்டினாள். பாட்டி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு கையாலேயே 'பிரமாதம்' என்று காட்டினாள். மனைவி என் பக்கம் திரும்பி பெருமையாகச் சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் என் போனில் குறுஞ்செய்தி வந்தது. தி. நகரில் நாங்கள் வழக்கமாக சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும் லேப். அவள் பெயர் போட்டு, ரிப்போர்ட் தயார் என்று இருந்தது. கிளம்பும் முன் அவள் எந்த டெஸ்டும் எடுத்ததாக எனக்குத் தெரியாது. வருஷக்கணக்காக வீட்டில் எல்லோருக்கும் அங்கே என் நம்பர்தான் பதிவாகியிருக்கிறது. அது அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

அவளிடம் போனை நீட்டியிருக்கலாம். நான் எழுந்து பாத்ரூம் பக்கம் போனேன். அவள் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும் போட்டதும் ரிப்போர்ட் திறந்துகொண்டது. இடது மார்பில் ஊசி போட்டு எடுத்த சதை. பாதி வார்த்தைகள் புரியவில்லை. புரிந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

நாலு நாளாக அவள் பெட்டியை வலது கையால் மட்டும் தூக்கியது அப்போதுதான் உறைத்தது. கேட்டதற்கு, "பீரோ கதவுல இடிச்சுக்கிட்டேன்," என்று சொல்லியிருந்தாள்.

சீட்டுக்குத் திரும்பினேன். "என்ன, இவ்ளோ நேரம்?" என்றாள். "கூட்டம்," என்றேன். ரயிலில் கூட்டமே இல்லை.

செவிலில் இறங்கி, பெட்டிகளை ரூமில் போட்டுவிட்டு நடந்தோம். எங்கேயும் அவசரமாகப் போக வேண்டாம், கால் போன பக்கம் போவோம் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். சந்துகள் இரண்டு பேர் ஒட்டி நடந்தால் இடிக்கும் அளவுக்குக் குறுகல். தெருவெல்லாம் ஊதாப் பூக்கள் கொட்டிக் கிடந்தன. அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று ஓடுகளின் கோலத்தைப் பார்த்தாள். ஆற்றங்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். "இந்த வெயில் நம்ம பாண்டி பஜார் வெயில்தான். ஆனா வேர்க்கல பாருங்க," என்றாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் இடது கையை. பெரிய தேவாலயத்தில் அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தபோது, நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று ரிப்போர்ட்டின் வார்த்தைகளை ஒவ்வொன்றாக போனில் தேடினேன். சாயங்காலம் ரூமுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். இல்லை, ஊருக்குப் போய். இல்லை, அவளே சொல்லட்டும். வெயில் தாழும் வரை இப்படியே ஓடியது.

ஐந்து மணிக்கு மேல் ஒரு சின்ன சதுக்கத்தில், மர நிழலில் காபிக்கு உட்கார்ந்தோம். அவள் சர்க்கரைப் பொட்டலம் இரண்டைப் பிரித்துக் கொட்டிக் கலக்கினாள்.

"அடுத்த வருஷம் போர்ச்சுகல் போலாங்க. பக்கத்துலதானே?"

என்னால் முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"என்னாச்சு?"

"லேப்லேர்ந்து ரிப்போர்ட் வந்திருக்கும்மா. என் நம்பருக்கு."

ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அதுவா?"

தலையாட்டினேன்.

"எப்ப வந்துது?"

"ட்ரெயின்ல."

"ட்ரெயின்லயா?" காபிக் கப்பை ஓரமாகத் தள்ளினாள். "காலைலேர்ந்து தெரிஞ்சுக்கிட்டு என்கூட சுத்தியிருக்கீங்க. என் உடம்புல என்ன இருக்குன்னு எனக்கு முன்னாடி நீங்க படிச்சிட்டீங்க."

"நீ மட்டும் என்கிட்ட சொன்னியா?" என்று கேட்டுவிட்டேன். அதை நான் கேட்டிருக்கக் கூடாது.

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? டிக்கெட்டைக் கேன்சல் பண்ணியிருப்பீங்க. உங்களுக்கு பயம் வந்தா தெருவே கூடிடும். டாக்டர்கிட்ட நான் ரெண்டு வாரம் டைம் கேட்டது எனக்காக. நீங்க மறைச்சது யாருக்காக?"

கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள். ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல நிதானமாகப் படித்தாள். பிறகு எழுந்து சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் போய் நின்று, ராயப்பேட்டையில் தன்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு போன் போட்டாள். சென்னையில் அப்போது மணி ஒன்பது ஆகியிருக்கும். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கூடப் போகும் தைரியம் வரவில்லை. பாதிப் பேச்சில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்தவள் அழவில்லை. "சின்னதுதானாம். ஆனா தள்ளிப் போடாம வரச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் மாத்துங்க. நாளைக்கு ஒரு நாள் இங்க இருப்பேன்." இருப்போம் என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் ஊரைச் சுற்ற அவள் தனியாகப் போனாள். நான் ரூமில் விமான டிக்கெட்டோடு மல்லுக்கட்டினேன். மதியம் போன் பண்ணி, "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சென்னைக்கு வந்த அடுத்த வாரமே ஆபரேஷன் நடந்தது. ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி மறுபடி வளர்ந்தது, முன்னைவிடச் சுருட்டையாக. ஜனவரியில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொள்கிறோம். இதுவரை பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் டாக்டர் அவளிடம்தான் முதலில் பேசுகிறார், நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். அவள் அப்படிக் கேட்டுக்கொண்டாள்.

போன வாரம் சாப்பிடும்போது அந்த ஆற்றங்கரையைப் பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு ஆற்றின் நிறம்கூட ஞாபகம் இல்லை என்றேன்.

"அன்னிக்கு நான் நல்லாத்தான் இருந்தேன்," என்றாள். "நீங்களும் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

குழம்பு ஊற்றிக்கொள்ளும்படி கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, அவள் சாப்பிடத் தொடங்கினாள்.