குன்னூர் வளைவில் முப்பதடி தூரம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்த போதெல்லாம் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி எழுந்துவிடுவேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, பிழை வருமே என்று ஒரு சாக்கு. கண் சரியில்லை என்று ஒரு சாக்கு. ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்லியாயிற்று, மனுஷருக்கு எதற்கு என்று இன்னொன்று. உள்ளதைச் சொன்னால், வெட்கம்தான். இனிமேலும் தள்ளிப்போட்டால் சொல்லாமலே போய்விடுவேன் என்ற பயம் வந்ததால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் மேஸ்திரியாக இருந்தேன். வீடு விருதுநகரில். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு நர்ஸ் படிக்க ஆசை. எனக்கோ அவளை ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து வாத்தியார் ஒருவருக்குக் கட்டிக்கொடுக்க ஆசை. அவள் இரண்டு முறை வேண்டாம் என்றாள். பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும் என்று நான் நாள் குறித்துவிட்டேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று குருவானவர் கேட்பார். கேட்ட கையோடு அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லிவிடுவார். யாரும் தடை சொல்லி நான் பார்த்ததில்லை. முதல் ஞாயிறு அப்படித்தான் போயிற்று. இரண்டாம் ஞாயிறு பெண்கள் பக்கத்திலிருந்து என் மகளே எழுந்து நின்றாள்.

"எனக்கு இருக்கு அய்யா. எனக்குச் சம்மதமில்ல. வீட்ல சொல்லிப் பாத்தேன், அப்பா கேக்கல. அதான் இங்கன சொல்லுதேன்."

குருவானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஓலை கேட்க வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அப்போதே எழுந்து வெளியே போனார்கள். நான் முன்வரிசையில் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து அவளிடம் ஒன்றுதான் சொன்னேன். "நீயா வந்து மன்னிப்புக் கேக்குற வரைக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அந்த மாதமே அவள் குன்னூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் படிக்கப் போய்விட்டாள். அவள் அம்மாதான் பஸ் ஏற்றிவிட்டாள். முதலில் கடிதங்கள் என் பேருக்கு வந்தன. நான் உடைக்காமல் மாடத்தில் வைத்தேன். பிறகு அவள் அம்மா பேருக்கு மட்டும் வந்தன.

இரண்டு வருஷம் கழித்து, தீபாவளி சீசனில், மலையாளக் கரை வழியாக நீலகிரி வரைக்கும் போகிற லோடு ஒன்று தயாரானது. லோடு சீட்டில் கடைசி ஊர் குன்னூர் என்று இருந்தது. லோடு காவலுக்குப் போகிறவருக்குக் காய்ச்சல் என்றார்கள். நான் போகிறேன் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். காரணம் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

புறப்படும்போது மனைவி ஒரு பொட்டலம் கொடுத்தாள். "இதுல சேவு இருக்கு. வழியில யாருக்காச்சும் குடுக்கணும்னு தோணுனா குடுங்க."

"யாருக்குக் குடுக்க?"

"தோணுற ஆளுக்கு," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பட்டாசு லோடு போகிற லாரிக்கு எங்கள் கம்பெனியில் சில கட்டுப்பாடு உண்டு. ஊருக்குள் நிறுத்தக்கூடாது. வீடு வாசல் இல்லாத இடமாகப் பார்த்து ஒதுக்கி நிறுத்த வேண்டும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் ஆகாது. வண்டிக்குள் தீப்பெட்டியே இருக்கக்கூடாது. டிரைவர் ஊருக்குள் போய்க் கடைக்காரரைக் கூட்டி வருவார், அவர்கள் மாட்டு வண்டி கொண்டு வந்து அவரவர் பெட்டிகளை இறக்கிக்கொள்வார்கள். அதுவரைக்கும் காவலுக்குப் போனவர் லோட்டை விட்டு நகரக்கூடாது.

ஆகவே எட்டு நாளில் நான் பார்த்த ஊர்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். நாகர்கோவில் என்றால் எனக்கு ஒரு குளத்தங்கரை. திருவனந்தபுரம் ஒரு தென்னந்தோப்பு. கொல்லத்தில் ஒரு மணல் மேடு, அதற்கு அந்தப் பக்கம் கடல். இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது, ஏறிப் பார்க்க முடியவில்லை. உப்புக் காற்றில் திரி நமத்துவிடுமே என்று தார்ப்பாயை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

டிரைவர் சாத்தூர்க்காரர், வாய்த்துடுக்கு. கொல்லத்தில் கடலில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க அண்ணாச்சி, கடலு. இம்புட்டுத் தூரம் வந்து கடலப் பாக்காத ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

"எனக்கு வேண்டாம் தம்பி. தலையத் தொவட்டுங்க."

பீடி பிடிக்க அவர் தினமும் அரை பர்லாங் நடந்து போய் வழியில் போகிறவர்களிடம் நெருப்புக் கேட்பார். திரும்பி வந்து என்னைத்தான் திட்டுவார். "சிவகாசிக்காரன் தீக்குச்சிக்குக் கையேந்துதான். ஊர்ல போயிச் சொல்லாதீக, மானம் போயிரும்."

அவர் இருக்கிற நேரம் பரவாயில்லை. அவர் ஊருக்குள் போய்விட்டால் மூன்று மணி, நான்கு மணி நேரம் நான் தனியே. லாரியில் சிவப்புக் கொடி கட்டியிருக்கும். அதைப் பார்த்தால் சனங்கள் சாலையின் அந்தப் பக்கமாக ஒதுங்கி நடப்பார்கள். ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். பாஷையும் தெரியாது. ஆறிப்போன இட்லியைத் தின்றுவிட்டுப் படிப்பலகையில் உட்கார்ந்திருப்பேன்.

ஆலப்புழைக்கு வெளியே நிற்கும்போது ஞாயிற்றுக்கிழமை. எங்கேயோ ஆலய மணி அடித்தது. எனக்கு விவரம் தெரிந்து ஆராதனைக்குப் போகாத முதல் ஞாயிறு அது. நானே மெதுவாகப் பாட்டுப் பாடினேன். ஆண்கள் பாட வேண்டிய வரியைப் பாடிவிட்டு, பெண்கள் வரிக்காகச் சும்மா இருந்தேன். வீட்டு ஜெபத்தில் அது மகளின் பழக்கம், தன் வரி வந்ததும் சத்தத்தைத் தூக்குவாள். அந்த நேரம் போனதும் அடுத்த வரியைப் பாடினேன்.

வழி நெடுக நான் செய்த ஜெபத்தையும் சொல்லிவிடுகிறேன். "ஆண்டவரே, அவ எங்கிட்ட வரணும். அவளா வரணும்." இதுதான். என் மனதை இளகப் பண்ணும் என்று ஒரு தரமும் கேட்கவில்லை. அதற்குத் தேவை இருக்கிறதாக எனக்குத் தோன்றவே இல்லை.

எர்ணாகுளத்தில் மழை. கோயம்புத்தூரில் பாதி லோடு இறங்கியது. எட்டாம் நாள் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினோம். குன்னூருக்குக் கீழே ஒரு வளைவில், சாலை அகலமாக இருந்த இடத்தில், வண்டியை ஓரங்கட்டினோம். மேலே தேயிலைச் சரிவு, கீழே பள்ளம். மதியம் தாண்டி இருக்கும், அதற்குள் குளிரில் பல் கிட்டியது. டிரைவர் கடைக்குச் சொல்லிவிட்டு வரக் கிளம்பினார். அப்போதுதான் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.

"தம்பி, பஜாருக்கு மேல மிஷன் ஆஸ்பத்திரி இருக்காம். அங்கன நர்ஸ் படிக்குத பிள்ள ஒண்ணு இருக்கு. இதக் குடுத்துட்டு, வண்டி இங்கன நிக்குன்னு மட்டும் சொல்லுங்க."

பேரைக் கேட்டுக்கொண்டார். "சொந்தமா அண்ணாச்சி?"

"ஆமா."

"எம்புட்டு நெருங்குன சொந்தம்?"

நான் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்து முடிந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொட்டலத்தைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு, போகிற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினார்.

ஐந்து மணி வாக்கில் மேகம் இறங்கிவிட்டது. லாரியின் முன்பக்கத்தில் நின்றால் பின்பக்கம் தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் மேலேயிருந்து ஒரு வெளிச்சம் ஆடி ஆடி இறங்கி வந்தது. யாரோ அரிக்கன் விளக்கோடு நேரே வண்டியைப் பார்த்து வருகிறார்கள். இருபது வருஷப் பழக்கம், வாய் தானாகக் கத்தியது.

"வெளக்கு! வெளக்கு! கிட்ட வராதீக! அங்கனயே நில்லு!"

வெளிச்சம் நின்றது. நான் கத்தி முடிப்பதற்குள் அணைந்தும் விட்டது. அவ்வளவு சட்டென்று அணைக்க எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

காற்று அடித்து மேகம் கொஞ்சம் விலகியது. ஒரு மைல்கல் பக்கத்தில் அவள் நின்றாள். வெள்ளைச் சேலை, மேலே கறுப்புக் கம்பளி, கையில் அணைந்த விளக்கு. மெலிந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே முப்பதடி இருக்கும்.

"அப்பா," என்றாள். "வெளக்க அணச்சிட்டேன்."

நான், "சரி," என்றேன்.

"சாப்ட்டீகளா?"

"ஆச்சு."

"அம்மா நல்லாருக்காகளா?"

"இருக்கா."

பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். விளக்கை அணைத்துவிட்டேன் என்று அவள் சொன்னது வரலாமா என்று கேட்டதுதான். அது எனக்கு அப்போதே நன்றாகப் புரிந்தது. வா என்று சொன்னால் போதும், வந்துவிடுவாள். நாக்கில் இருந்தது. ஆனால் மன்னிப்பு என்ற வார்த்தை முதலில் அவளிடமிருந்து வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். எட்டு நாள் கேட்ட ஜெபத்துக்கு ஆண்டவர் அவளை மலைச் சரிவில் நடத்திக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தியிருக்கிறார். நான் கையைக் கட்டிக்கொண்டு லாரியில் சாய்ந்து நிற்கிறேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவளுக்குக் குளிரில் தோள் நடுங்கியது. "வாறேன்பா," என்றாள். திரும்பி நடந்தாள். மேகம் மறுபடி மூடியது. அந்த வளைவைத் தாண்டுகிறவரைக்கும் அவள் விளக்கை ஏற்றவில்லை. மேலே ரொம்ப தூரம் போன பிறகுதான் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

டிரைவர் இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். வந்ததுமே, "பாப்பா வந்துச்சா? மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு, உங்க சாடைய உரிச்சு வச்சிருக்கு. எங்கிட்ட மறச்சிட்டீகளே அண்ணாச்சி. நாலு வார்த்த பேசுனீகளா?" என்றார்.

"வெளக்கோட வந்தா. கிட்ட வராதன்னுட்டேன். லோட்ட விட்டு நான் நகர முடியாதுல்லா."

அவர் கண் கலங்கிவிட்டது. "பெத்த பிள்ளய விட லோடு பெருசாப் போச்சா அண்ணாச்சி உங்களுக்கு," என்றார். அதை ஏச்சாகச் சொல்லவில்லை, என்னைப் பெரிய மனுஷனாக நினைத்துச் சொன்னார். நானும் மறுக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அவர் எல்லாரிடமும் சொன்னார். முதலாளி அத்தனை பேர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். நான் மகளுக்கு முதன்முதலாகக் கடிதம் எழுதினேன். "லோட்டை விட்டு வர முடியவில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதே" என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த வருஷ அசனப் பண்டிகையில் குருவானவர் என் கதையைச் சாட்சியாகச் சொன்னார். உண்மையுள்ள ஊழியக்காரன், கடமைக்காகப் பெற்ற மகளையே தள்ளி நிற்கச் சொன்னான் என்றார். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி கேட்டாள்.

"அவதான் வெளக்க அணச்சிட்டாளாமே. பெறகு என்ன லோடு?"

மகள் அவளுக்கு எழுதியிருக்கிறாள். நான் நடையை எட்டிப் போட்டேன். அதற்குப் பிறகு மனைவி அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. கடிதங்கள் அவளுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தன, முதலில் குன்னூரிலிருந்து, பிறகு வடக்கே எங்கெங்கேயோ இருந்து. மனைவி காலமானபோது கடைசி விலாசத்துக்குத் தந்தி கொடுத்தேன். அந்தப் பேரில் இப்போது இங்கே ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

இதற்கிடையில் கதை என் கையை விட்டுப் போய்விட்டது. சூலக்கரையில் ஒரு கூட்டத்தில் நானே கேட்டேன், யாரென்று தெரியாமல் என்னிடமே சொன்னார்கள். அதில் ஒரு பொறி பறக்கிறது, தேவதூதன் விளக்கைப் பிடித்துக்கொள்கிறான், அப்பனும் மகளும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

என் மகள் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நர்ஸ் வேலைக்குப் பிள்ளையை அனுப்பாத சபை நம் பக்கத்தில் கிடையாது. இதை வாசிக்கிற நீங்கள், தூரத்தில் இருக்கிற உங்கள் பிள்ளைகளுக்கு எழுதும்போது இதையும் எழுதுங்கள். எழுதினால் உள்ளபடியே எழுதுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தேவதூதனைச் சேர்க்க வேண்டாம். நான் அழுதேன் என்றும் சேர்க்க வேண்டாம், அன்றைக்கு நான் அழவில்லை. விளக்கு அணைந்திருந்தது, லோடு என்னைத் தடுக்கவில்லை, நான்தான் கூப்பிடவில்லை. இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். கூட்டிக் குறைத்துச் சொன்னால் ஊரில் திரிகிற கதைதான் இதுவும் என்று அவள் காதில் வாங்க மாட்டாள். நடந்தபடியே போய்ச் சேர்ந்தால் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த வளைவில் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான்.