கனைத்துவிட்டு நுழைந்தவர்

பெருங்களத்தூரில் எங்கள் எதிர்வீட்டு சார் ஒல்லியானவர். எங்கே நுழைந்தாலும் முதலில் கனைப்பார். என் கணவர் இறந்து, எனக்கு எதுவும் உறைக்காமல் இருந்த மாதம் அது. பரணில் மரநாய் நாற்றம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதால், அது நுழையும் சுவர் ஓட்டையை அடைக்க அவரைக் கூப்பிட்டேன். சிமெண்டோடு ஏணியில் ஏறியவர் ஓட்டைக்கு முன்னாலும் கனைத்தார்.

“மரநாய்க்கு எதுக்கு சார் கனைக்கறீங்க?”

“குட்டி போட்டிருக்கும்மா, உள்ள கீச்சுகீச்சுனு கேக்குது. பொம்பளை இருக்கிற எடத்துல சட்டுனு தலையை நீட்டலாமா? இப்ப அடைச்சா உள்ளேயே செத்துடும். ரேடியோவைப் போட்டு விடுங்க. சத்தம் பிடிக்காம அதுவே குட்டிங்களைத் தூக்கிட்டுப் போயிடும்.”

கணவருக்குப் பிறகு தொடாத ரேடியோவைப் பரணில் வைத்துப் போட்டேன். சில நாளில் மரநாய் போய்விட்டது. சார் வந்து, காலி ஓட்டைக்கும் கனைத்துவிட்டே பூசினார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லாமலே இறங்கிப் போனார். மறந்தாரா, தெரிந்தே விட்டாரா என்று இன்றும் தெரியவில்லை.